வளைந்த எழுத்துகளுக்கு ஒரு ஸ்டென்சில்

தகரத்திலோ தடித்த அட்டையிலோ எழுத்தின் வடிவத்தை வெட்டியெடுத்து, அந்தத் தகட்டைச் சுவரின்மேல் அழுத்திப் பிடித்து, வெட்டுண்ட இடைவெளியின் வழியே வண்ணம் பூசினால் எழுத்து சுவரில் பதிகிறது. இவ்வாறு பயன்படும் தகட்டை ஸ்டென்சில் என்பர். அலுவலகங்களில் சைக்ளோஸ்டைல் இயந்திரத்துக்காகத் தட்டச்சில் வெட்டப்பட்ட மெழுகுத்தாளும் ஒருகாலத்தில் இதே பெயரைப் பெற்றிருந்தது. ஆனால் இக்கட்டுரை தகட்டு எழுத்தைப் பற்றியதே. இம்முறையில் தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கல் உண்டு. வட்டமான ஓர் எழுத்தை முழுமையாகச் சுற்றி வெட்டினால், அதன் நடுவிலுள்ள பகுதி எதனோடும் ஒட்டாமல் கழன்று விழுந்துவிடும். வண்ணம் பூசும்போது வளையம் கிடைப்பதற்குப் பதிலாக ஒரு திட்டு மட்டுமே கிடைக்கும். அந்த நடுப்பகுதியை வெளித்தகட்டோடு பிணைத்து நிறுத்த வெட்டாமல் விடப்படும் ஒடுங்கிய பட்டையே பாலம் எனப்படுவது. சுவரில் பதிந்த எழுத்தில் இந்தப் பாலம் ஒரு சிறு வெள்ளை இடைவெளியாகத் தெரிகிறது. தொழில்நுட்பத் தேவையால் பிறந்த அந்த இடைவெளியைத் தன் முகத்தோற்றமாகவே ஏற்றுக்கொண்ட அச்செழுத்து வகைதான் ஸ்டென்சில் எழுத்துரு.

திருவனந்தபுரத்தில் இவ்வெழுத்தைக் காண அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. ரயில் பெட்டிகளின் முனைச்சுவரில், அப்பெட்டி கடைசியாக எந்தப் பணிமனையில் எந்த நாளில் முழுப் பழுதுபார்ப்புக்கு உட்பட்டது, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்ற விவரங்கள் எழுதப்பட்டிருக்கும்; 1979-ல் உருவான திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தின் நிலையங்களில் காத்திருக்கும் எவரும் அவற்றைப் படிக்கலாம். மின்கம்பங்களின் வரிசை எண்கள், தீயணைப்பு வாளிகள், சரக்கு மூட்டைகளிலும் மரப்பெட்டிகளிலும் இடப்படும் வணிகக் குறிகள், ‘பரஸ்யம் பதிக்கருது’ என்று விளம்பரம் ஒட்டுவதைத் தடுக்கும் மதிற்சுவர் அறிவிப்புகள் ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒரே சொல்லை நூறு இடங்களில் எழுத வேண்டும், எழுதுபவர் தேர்ந்த ஓவியராக இருக்க வேண்டிய தேவையும் இருக்கக் கூடாது, எல்லா இடத்திலும் எழுத்து ஒரே மாதிரி அமைய வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் ஒன்றுசேரும் இடத்தில் தகட்டை விடச் சிறந்த கருவி நெடுங்காலம் கிடைக்கவில்லை.

இந்தக் கருவி எளிய வேலைகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் சரியன்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தேவாலயப் பாடகர் குழுவினர் தொலைவில் நின்று படிக்கும் பெரும் இசைநூல்கள் தகட்டெழுத்தால் உருவாக்கப்பட்டன. அவற்றின் எழுத்துகள் அச்சுக்கு நிகரான நேர்த்தி கொண்டவை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1781-ல் பாரிஸ் நகரில் ழான் கேப்ரியல் பெரி என்ற கைவினைஞரிடம் ஒரு தகட்டெழுத்துத் தொகுதியை வாங்கினார். அது ஃபிலடெல்ஃபியாவில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1876-ல் ஜோசப் டேவிட் என்பவர், ஒரே தகட்டில் அமைந்த சிறு துண்டுத் துளைகளைத் தேர்ந்தெடுத்து வரைவதன் மூலம் எந்த எழுத்தையும் எண்ணையும் உருவாக்கிக்கொள்ளும் பொதுத் தகடு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் இவ்வடிவம் கலைஞர்களின் கைக்கு வந்தது. ஜெர்மனியில் யோசெஃப் ஆல்பர்ஸ் சதுரம், முக்கோணம், கால்வட்டம் ஆகியவற்றை மட்டும் கொண்டு தகட்டெழுத்து அமைத்தார். பால் ரென்னர் 1929-ல் ஃப்யூச்சுரா பிளாக் என்ற மிகத் தடித்த எழுத்துருவை வெளியிட்டார். சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட லெ கார்புசியே தம் வரைபடங்களில் தகட்டெழுத்தையே விரும்பிப் பயன்படுத்தியவர்.

இன்று ஸ்டென்சில் என்றவுடன் பலரின் மனக்கண்ணில் எழும் வடிவம் 1937-ல் பிறந்தது. அந்த ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களில் அமெரிக்காவின் இரு போட்டி நிறுவனங்கள் ‘ஸ்டென்சில்’ என்ற அதே பெயரில் தனித்தனி எழுத்துருக்களை வெளியிட்டன. லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹன்டர் மிடில்டன் ஒன்றை அமைத்தார். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெரி பவல் மற்றொன்றை அமைத்தார். பரவலாகப் புழங்குவது பவல் அமைத்ததே. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. செங்குத்துக் கோடுகள் மிகத் தடித்தவை. முனைகள் சற்றே உருண்டவை. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு நன்கு தெரியும். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளில் 7 எழுத்துகளுக்கே மூடிய உள்வெளி, அதாவது கோடுகளால் நான்கு புறமும் அடைபட்ட வெள்ளைப் பகுதி உண்டு. தேவை என்று பார்த்தால் அந்த ஏழுக்கு மட்டும் பாலம் போதும். ஆயினும் பவல் மற்ற எழுத்துகளையும் வெட்டினார். சொல் முழுவதும் ஒரே தாளத்தில் அமைய வேண்டும் என்பதே அதன் காரணம். தேவையும் அழகும் இங்கே பிரிந்து நிற்கின்றன, இந்த எழுத்துருவின் வெற்றி அப்பிரிவை மறைத்த திறமையில் அடங்கியிருக்கிறது.

தடிப்பு இவ்வகையின் இன்றியமையாத பண்பு. மெல்லிய கோட்டில் ஓர் இடைவெளி விழுந்தால் கோடு அறுந்ததாகவே கண்ணுக்குத் தோன்றும். தடித்த கோட்டில் அதே இடைவெளி விழுந்தால் இரு புறமும் நிற்கும் வண்ணத்தின் எடை அதைத் தாங்கிக்கொள்ளும், கண் தானாகவே அதை நிரப்பி முழு வடிவமாகப் படித்துவிடும். அருகருகே அமைந்த துண்டுகளை மனம் ஒரே உருவாகக் கூட்டிக் காணும் இவ்வியல்பைக் கெஸ்டால்ட் உளவியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விரிவாக ஆராய்ந்தனர். பாலத்தின் அகலம் கோட்டின் தடிப்புக்கு ஏற்ற அளவில் அமைந்தால் இந்தக் கூட்டல் இயல்பாக நிகழும். அதைவிடக் குறுகினால் வண்ணம் தகட்டின் அடியில் கசிந்து பாலத்தை மூடிவிடும், தகடும் சில முறை பயன்பட்டதும் வளைந்துவிடும். அதைவிட அகன்றால் எழுத்து சிதறிய துண்டுகளாகிவிடும்.

இதுவரை சொன்னவை யாவும் நேர்கோடுகள் மிகுந்த லத்தீன் எழுத்துக்கு எளிதில் பொருந்துவன. திருவனந்தபுரத்தின் தெருவில் பெரும்பங்கு வகிப்பது மலையாள எழுத்து. அதன் உடலோ முழுக்க வளைவுகளால் ஆனது. பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு கீறினால் ஓலை நாரின் திசையில் கிழியும் என்பதால் தென்னாட்டு எழுத்துகள் வளைந்தன என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். கோட்டயம் சி.எம்.எஸ். அச்சகத்தை 1821-ல் நிறுவிய பெஞ்சமின் பெய்லி, அதுவரை அச்சிலிருந்த சதுரப் பாங்கான மலையாள வார்ப்பெழுத்துகளை விட்டு உருண்டை வடிவ எழுத்துகளை வார்க்கச் செய்ததால் அந்த வளைவு அச்சிலும் நிலைபெற்றது. ஆகவே மலையாளத்துக்குத் தகடு வெட்டுபவருக்கு லத்தீன் எழுத்துரு வழிகாட்டியாக அமைவதில்லை.

இந்த நகரத்தின் பெயரை மலையாளத்தில் எழுதிப் பார்த்தாலே சிக்கலின் முழு அளவும் விளங்கும். பெயரின் இறுதியிலுள்ள ‘ம்’ ஒலியை மலையாளம் அனுஸ்வாரம் என்னும் சிறு வளையத்தால் குறிக்கிறது. மூடிய உள்வெளிக்கு அதைவிடத் தூய எடுத்துக்காட்டு இல்லை. பாலமின்றி வெட்டினால் அது ஒரு புள்ளியாகிவிடும். நடுவிலுள்ள ‘ந்த’ இரண்டு மெய்கள் இணைந்த கூட்டெழுத்து. ‘ரு’, ‘பு’ ஆகிய இரண்டிலும் உகரக் குறி பழைய முறைப்படி எழுத்தின் உடலோடு கீழே பின்னிக்கொள்ளும். தட்டச்சுக்கு வசதியாகக் கேரள அரசு 1971-ல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தின்படியோ அக்குறி தனியே பிரிந்து எழுத்தின் வலப்புறம் நிற்கும். அந்தச் சீர்திருத்தம் பிரித்த கூட்டெழுத்துகளைக் கணினியில் மீட்டெடுக்க 1999-ல் ரசனா இயக்கம் தோன்றியது. ஆர். சித்ரஜகுமாரின் முன்னெடுப்பில், கே.எச். ஹுசைன் வடிவமைத்த ரசனா எழுத்துரு தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கொண்டது. இன்றைய கேரளத்தில் இரு முறைகளும் அருகருகே வாழ்கின்றன.

ஸ்டென்சில் அமைப்பவருக்கு எது ஏற்றது என்ற கேள்வி இங்கே எழுகிறது. சீர்திருத்த வடிவம் குறிகளைப் பிரித்து வைப்பதால் பாலங்களில் ஒரு பகுதி இயல்பாகவே கிடைத்துவிடுகிறது, வெட்டுவதும் எளிது. எனினும் சொல் நீண்டுவிடும். சுவரிலும் பலகையிலும் இடம் விலைமதிப்புள்ளது. பழைய வடிவம் பின்னல் மிகுந்தது என்றாலும் சொல்லைச் செறிவாக வைக்கும், தடித்த வண்ணத்தில் அச்செறிவே கம்பீரமாகத் தோன்றும். ஓர் அடி உயரத்துக்கு மேற்பட்ட எழுத்தில் பழைய கூட்டெழுத்தை அஞ்சாமல் வெட்டலாம். மின்கம்ப எண்ணைப் போன்ற சிறு குறிப்புகளுக்குச் சீர்திருத்த வடிவமே நல்லது. வெட்டுவது கடினம் என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்டெழுத்தை எல்லா இடத்திலும் கைவிடுவது, தட்டச்சுப் பொறி அரை நூற்றாண்டுக்கு முன் செய்ததை மறுபடி செய்வதாகும்.

பாலத்தை எங்கே வைப்பது என்பதே இக்கலையின் உயிர்நிலை. கணினியில் தடித்த எழுத்துரு ஒன்றை எடுத்து, எல்லா எழுத்துகளின் நடுவிலும் ஒரே உயரத்தில் ஒரு வெள்ளைப் பட்டையை இழுத்துவிட்டு அதை ஸ்டென்சில் என்று வழங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. லத்தீன் எழுத்தில் அது ஓரளவு தப்பிக்கும், மலையாளத்தில் தப்பிக்காது. மலையாள ‘ண’ மூன்று வளைவுகள் அடுத்தடுத்து நிற்கும் எழுத்து; அதன் நடுவே பட்டை இழுத்தால் மேலே மூன்று தொப்பிகளும் கீழே சில கட்டைகளும் மட்டுமே மிஞ்சும். வெட்டு எப்போதும் எழுதும் கை திரும்பும் இடத்திலோ, ஒரு கோடு மற்றொன்றைத் தொடும் மூட்டிலோ விழ வேண்டும். படிப்பவரின் கண் எழுத்தை அதன் ஓட்டத்தால் அடையாளம் காண்கிறது. ஓட்டத்தின் நடுவே விழும் வெட்டு அதை மறித்துவிடும், மூட்டில் விழும் வெட்டோ அதைத் தெளிவாக்கும்.

இவ்வாறு எழுத்தை ஓட்டமாகக் காணும் சிந்தனை கேரளத்துக்குப் புதிதன்று. சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைத்த நூபுரம் என்ற மலையாள எழுத்துரு, எழுத்தின் வெளிவிளிம்பை வரைவதற்குப் பதிலாக அதன் நடுக்கோட்டை, அதாவது எழுதுகோல் செல்லும் பாதையை மெட்டாபோஸ்ட் என்ற கணினி மொழியில் விவரித்து, அதன்மேல் தடிப்பை ஏற்றும் முறையில் உருவானது. எழுதும் திசையை அம்புக்குறிகளால் காட்டும் வடிவமும் அக்குடும்பத்தில் உண்டு. மெட்டாபோஸ்ட்டுக்கு மூலமான மெட்டாஃபான்ட் மொழியையும் டெக் என்ற அச்சுக்கோப்பு முறையையும் உருவாக்கியவர் டொனால்ட் நூத். அந்த டெக் முறையைப் பயன்படுத்துவோரின் உலக மாநாடு 2002-லும் 2011-லும் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. நடுக்கோடும் அதன் திருப்பங்களும் கணக்காகவே பதிவான ஓர் எழுத்துருவில், பாலத்துக்குரிய இடங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை; திருப்பம் எங்கே, மூட்டு எங்கே என்பது முன்பே தெரியும். தடித்த மலையாள ஸ்டென்சில் ஒன்றை முறையாக அமைக்க இதைவிட நல்ல அடித்தளம் எளிதில் கிடைக்காது.

தமிழுக்கு இந்த வேலை சற்று இலகுவானது. ட, ப, ர போன்ற எழுத்துகள் நேர்கோடுகளாலும் செங்கோணங்களாலும் ஆனவை, மூடிய உள்வெளி அற்றவை. அவற்றுக்குப் பாலம் அழகுக்காக மட்டுமே தேவை. பெரும்பாலான அச்சு வடிவங்களில் க, ச, த, வ, ம ஆகியவற்றுக்கு மூடிய உள்வெளி உண்டு. அவை தமிழில் மிக அதிகமாகப் பயிலும் எழுத்துகள் என்பதால் அவற்றின் பாலம் சரியாக அமைந்துவிட்டால் எழுத்துருவின் பெரும்பகுதி அமைந்துவிட்டது எனலாம். புள்ளியை வளையமாக அன்றி நிரப்பிய வட்டமாகவோ சதுரமாகவோ வைப்பதே தகட்டுக்கு உகந்தது. கொழும்பைச் சேர்ந்த மூனியாக் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு, இலங்கைச் சுவர்களில் காணப்படும் விளம்பரத் தடை அறிவிப்புகளின் பெயராலேயே ‘போஸ்ட் நோ பில்ஸ்’ என்ற ஸ்டென்சில் எழுத்துருக் குடும்பத்தை வெளியிட்டது. அதில் சிங்கள வடிவத்துக்குக் கொழும்பு என்றும் தமிழ் வடிவத்துக்கு யாழ்ப்பாணம் என்றும் பெயர். இரண்டிலும் லத்தீன் எழுத்து துணையாக இருக்கிறது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. சிங்கள எழுத்து மலையாளத்தைப் போலவே உருண்டது. ஆகவே வளைந்த எழுத்தில் ஸ்டென்சில் இயலாது என்ற வாதத்துக்கு இக்குடும்பம் நேரடியான மறுமொழி.

இனிப் பயன். தடித்த ஸ்டென்சில் எழுத்துருவைக் காட்சி எழுத்துரு என்ற வகையில் சேர்ப்பர். தலைப்பு, பலகை, சுவரொட்டி போன்றவற்றில் பெரிதாகவும் குறைந்த சொற்களிலும் பயன்படுவதற்காக அமைந்த எழுத்து என்பது அதன் பொருள். ஒரு சொல்லிலிருந்து நான்கு சொற்கள் வரை அது உரக்கப் பேசும். பத்திச் செய்தியில் அதைப் பயன்படுத்தினால் நூற்றுக்கணக்கான பாலங்கள் கண்ணில் குத்தி, இரண்டாம் வரிக்குள் படிப்பவர் களைத்துவிடுவார். மேலும் நூலின் உரையளவில் பாலங்கள் மையால் மூடிக்கொள்ளும். மருந்துச் சீட்டு, மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகை, கைப்பேசித் திரையின் சிறு எழுத்து ஆகியவற்றில் இதற்கு இடமே இல்லை. அங்கெல்லாம் ஓர் எழுத்தைத் தவறாகப் படிப்பதன் விலை மிகப் பெரிது. எண்களிலும் எச்சரிக்கை வேண்டும்: 6, 8, 9 ஆகிய மூன்றும் தவறான பாலத்தால் ஒன்றையொன்று ஒத்துவிடக் கூடியவை, சரக்குப் பெட்டியிலும் ரயில் பெட்டியிலும் எழுதப்படுபவையோ பெரும்பாலும் எண்களே.

இதன் மிகச் சிறந்த பயன் இன்று வண்ணத்தைவிட உலோகத்தில்தான் இருக்கிறது. கேரளத்தில் வீட்டுக்குப் பெயர் வைப்பது ஆழமான வழக்கம். முகவரியிலும் மனிதரின் பெயரோடும் வீட்டுப்பெயர் இணைந்துவருகிறது. எஃகுத் தகட்டில் லேசர் கதிரால் எழுத்தை ஊடுருவ வெட்டி, வாயில்தூணில் பொருத்திப் பின்னால் விளக்கு வைக்கும் முறைக்கு ஸ்டென்சில் எழுத்துரு அலங்காரத் தெரிவன்று, கட்டாயத் தேவை. பாலம் இல்லாவிட்டால் உள்வெளி முழுவதும் கழன்று விழும். வெட்டும் கடைகளில் பொருத்தமான மலையாள எழுத்துரு கையில் இல்லாதபோது சாதாரண எழுத்துருவில் அவசரமாகச் சில பட்டைகளைச் சேர்த்து வெட்டுகிறார்கள். ஒரு குடும்பம் பல ஆண்டு காலம் தன் வாயிலில் தாங்கப்போகும் பெயர் அதனால் ஊனமடைகிறது. 2019-ல் கேரள அரசு பி.வி.சி. ஃப்ளெக்ஸ் பலகைகளுக்குத் தடை விதித்தபின் துணிப்பலகைக்கும் சுவரெழுத்துக்கும் மீண்டும் இடம் கிடைத்திருக்கிறது. அங்கும் கையெழுத்து ஓவியரின் நேரத்தைக் குறைக்க நல்ல தகடுகள் உதவும். மிளகு, ஏலம், தேயிலை, காப்பி போன்ற விளைபொருள்களின் உறைகளுக்கும் இவ்வெழுத்து உரிமையோடு பொருந்தும், ஏனெனில் அப்பொருள்கள் பெட்டியிலும் சாக்கிலும் கடல்கடந்த காலம் தொட்டே இவ்வெழுத்தைச் சுமந்தவை.

இராணுவத்தின் நினைவு இவ்வெழுத்தை விட்டு அகலாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெடிமருந்துப் பெட்டியும் படை வாகனமும் இதைச் சுமந்து உலகம் முழுவதும் சென்றதால், கூர்மையான செங்குத்து வெட்டுகள் கொண்ட தடித்த ஸ்டென்சில் எங்கு தோன்றினாலும் ஓர் அதிகாரக் குரல் உடன்வருகிறது. போர்த் திரைப்படத்தின் சுவரொட்டிக்கு அது பொருந்தும்; குழந்தைகள் பூங்காவின் பெயர்ப்பலகைக்குப் பொருந்தாது. வளைந்த எழுத்துகளோ இந்த நினைவைப் பெருமளவு தணித்துவிடுகின்றன. மலையாளத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் பாலம் மூட்டைத் தேடி அமைந்தால், எழுத்து கட்டளையிடுவதாக அன்றித் தகரத்தில் செதுக்கிய கைவேலையாகத் தோன்றும். இம்மொழிகள் ஸ்டென்சில் வகைக்கு அளிக்கக்கூடிய தனிக்கொடை இதுவே.

எழுத்துருவை அமைப்பவர் கணினித் திரையோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு எழுத்தையும் உண்மையான தகட்டில் வெட்டி, செங்கல் சுவரிலும் சாக்கிலும் மரத்திலும் பூசிப் பார்க்க வேண்டும். திரையில் நிமிர்ந்து நிற்கும் பாலம் பத்தாவது பூச்சில் வளைந்துவிடலாம். வரைபடத்தில் அழகாகத் தெரிந்த வளையம் சொரசொரப்பான சுவரில் அடைபடலாம். திருவனந்தபுரத்தில் மலையாளமும் தமிழும் ஒரே கடைத்தெருவில் வாழ்வதால், இரு மொழிகளுக்கும் ஒரே தடிப்பும் ஒரே பால அகலமும் கொண்ட இணை எழுத்துருவாக அது அமைவது நல்லது. எழுத்துரு அமைப்போரும் தகடு வெட்டும் கடைக்காரரும் சுவரெழுத்து ஓவியரும் ஒன்றுகூடி அத்தகைய ஒன்றை உருவாக்கித் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். வாயிலுக்குப் பெயர்த்தகடு செய்யக் கொடுக்கும் ஒவ்வொருவரும், வெட்டுவதற்கு முன் பாலங்கள் எங்கே விழுகின்றன என்பதைத் தாளில் அச்சிட்டுக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.